எல்லோருக்கும் ஒரே அப்பா

கோதுமையை வறுத்து, இடித்து, அந்தப் பொடியைக் கொதிக்கவைத்துக் காபி என்று சொல்லிக் குடித்தார்கள். காலை ஆறு மணிக்கு ரொட்டியும் அந்தக் காபியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, ஏதாவது ஒரு காய். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும். இல்லையென்றால் மறுபடியும் ரொட்டி, மறுபடியும் அதே காபி. ஆளுக்கு ஒரே கிண்ணம். கரண்டி அவர்களே மரத்தில் செதுக்கிக்கொண்டது. ஏழு, ஏழரைக்குப் பஜனை, ஒன்பதுக்குப் படுக்கை.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகில் 1910-லிருந்து 1913 தொடக்கம் வரை நடந்த டால்ஸ்டாய் பண்ணையின் அன்றாடம் இது. காந்தியே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த எளிமையைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது நேரம்தான். ஆறு, பதினொன்று, ஐந்தரை, ஏழரை, ஒன்பது. இந்த மாதிரி மணிக்கு எழுந்து மணிக்குச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

திண்டுக்கல் பக்கம் ஓர் இல்லம். அப்பா இறந்தபிறகு அம்மா பஞ்சாலை வேலைக்குப் போக, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே என்னை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அநாதை இல்லம் என்று சொல்லிவிடக் கூடாது, இல்லத்தை நடத்திய ஐயாவுக்குக் கோபம் வரும். "இங்க யாரும் அநாதை இல்ல, எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார். ஐயா காந்திய வழி வந்தவர். கதர், ராட்டை, சர்வசமயப் பிரார்த்தனை, வரிசையாக உட்கார்ந்து சாப்பாடு, தட்டைக் கழுவி எண் போட்ட இடத்தில் கவிழ்ப்பது, கூடத்தில் பாய் விரித்துப் படுப்பது. அத்தனையும் எங்கிருந்து வந்தது என்று அப்போது யார் யோசித்தார்கள்? வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து, அதன் தெற்கே இந்தியர்கள் வாழும் லெனேஷியாவில் வீடு பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் கூடத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் மணிக்கூண்டின் மூலப்பிரதி இங்கே பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்று. லெனேஷியாவிலிருந்து காரில் போனால் கொஞ்ச தூரம். அருகில் ஒரு செங்கல் ஆலை இருக்கிறது. பழைய வீட்டில் அஸ்திவாரம்தான் மிச்சம்.

பண்ணை எதற்காக வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது புரியாது. ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் பகுதியில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்த போராட்டம் இழுத்துக்கொண்டே போனது. வியாபாரிகள் பலர் ஒவ்வொருவராகக் களைத்து ஒதுங்கினார்கள். தமிழர்கள்தான், பெரும்பாலும் தெருவில் காய்கறி விற்றுப் பிழைத்தவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்ததும் மறுபடி உள்ளே போனார்கள். சாமி நாகப்பன் 1909 ஜூலையில் சிறையிலிருந்து வந்த சில நாளில் இறந்தார். நாடு கடத்தப்பட்டு, திரும்பி வந்தபோது இறங்கவிடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910 அக்டோபரில், இன்றைய மொசாம்பிக்கில் இருக்கும் டெலகோவா விரிகுடாவில் இறந்தார். சிறைக்குப் போனவர்களின் வீடுகளுக்குப் போராட்ட நிதியிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது, நிதி கரைந்துகொண்டிருந்தது. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் வைத்தால் செலவு குறையும். கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1910 மே 30-இல் வாடகை வேண்டாம் என்று காந்தியிடம் கொடுத்தார். ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என்று ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள், இரண்டு கிணறு, ஓர் ஊற்று, குன்றடியில் ஒரு சின்ன வீடு.

ஆக, குடும்பம் என்ற அமைப்பு பழையதாகிவிட்டது, அதற்குப் பதில் வேறு ஒன்று வேண்டும் என்று தத்துவம் பேசி அங்கே யாரும் போகவில்லை. சம்பாதிக்கிற ஆள் உள்ளே இருக்கிறான், வாடகைக்கு வழியில்லை, அதனால் போனார்கள். எங்கள் இல்லத்துக்கு வந்த பையன்களின் கதையும் அதுதான். ஒருவனையும் லட்சியம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. லட்சியம் எல்லாம் நடத்துகிறவருக்கு. வந்து சேர்கிறவர்களுக்குச் சோறு.

லட்சியத்துக்காகவே இதைச் செய்தவர்களும் இருந்தார்கள். அதே 1910-இல் பாலஸ்தீனத்தில் கலிலேயா ஏரிக்கரையில் டெகானியா தொடங்கியது. முதல் கிப்புட்ஸ், அதாவது யூதர்களின் கூட்டுப்பண்ணை. சொத்து பொது, சமையல் பொது, கொஞ்ச காலத்தில் பிள்ளை வளர்ப்பும் பொது. பின்னாளில் பெரும்பாலான கிப்புட்ஸ்களில் குழந்தைகளுக்கென்று தனி வீடு இருந்தது. பிறந்த சில நாளிலேயே அங்கே போய்விடும். பால் கொடுக்க அம்மா போய் வருவாள். சாயங்காலம் சில மணி நேரம் பெற்றோருடன், அப்புறம் திரும்பவும் குழந்தைகள் வீட்டுக்கு, தூக்கம் அங்கேதான். ராத்திரி காவலுக்கு முறைவைத்து ஆள். அவர்கள் கணக்குத் தெளிவானது: அடுப்பிலிருந்தும் தொட்டிலிலிருந்தும் பெண்ணை விடுவிக்க வேண்டும், அப்பன் அதிகாரத்திலிருந்து பிள்ளையை விடுவிக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், பெண்கள் தங்கள் வீட்டு அடுப்பை விட்டுப் பொது அடுப்புக்கும், பொதுச் சலவைக்கும், குழந்தைகள் வீட்டு வேலைக்கும் போனார்கள். 1970-களிலிருந்து தாய்மார்களே பிள்ளையை ராத்திரி வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1990-கள் முடிவதற்குள் அந்தத் தனித் தூக்கம் எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது.

இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். காலன்பாக் யூதர். பண்ணையில் தானே தங்கி, பிள்ளைகளோடு மரம் வெட்டி, தோட்டம் கொத்தி, டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளிடம் கற்ற செருப்புத் தைக்கும் வேலையைக் காந்திக்குக் கற்றுக்கொடுத்தார்; காந்தி பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1945-இல் அவர் இறந்தபின் அவருடைய அஸ்தி டெகானியாவில் அடக்கம் செய்யப்பட்டது.

சரி, பண்ணைக்கு வருவோம். ஆண்களுக்கு ஒரு நீளக் கட்டடம், பெண்களுக்கு ஒன்று. கணவன் மனைவியாக வந்தவர்களும் தனித்தனியாகத்தான். இருபது முப்பது பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் நான்கைந்து பேர். குஜராத்தி, தமிழ், தெலுங்கு, வட இந்தியர்கள். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர். வேலைக்காரர் கிடையாது. கக்கூஸ் கழுவுவதிலிருந்து மாவு அரைப்பது வரை எல்லாம் அவர்களே. உடுப்பு என்ன தெரியுமா? கால்சட்டை, சட்டை, அதுவும் சிறைக் கைதிகளின் உடுப்பைப் பார்த்துத் தைத்தது. அப்பா உள்ளே போட்டிருப்பதைப் பிள்ளை வெளியே போட்டிருக்கும். எங்கள் இல்லத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே துணிக்கட்டிலிருந்து எல்லோருக்கும் சட்டை வெட்டுவார்கள். ஊரில் எங்கள் முகம் யாருக்கும் தெரியாது, சட்டை தெரியும். ஒரு பையன் பெட்டிக்கடையில் நின்றால் சாயங்காலத்துக்குள் ஐயாவுக்குச் செய்தி வந்துவிடும்.

பள்ளிக்கூடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலை முழுக்க மண்வெட்டியும் கோடாலியும் பிடித்துவிட்டு, சோறு சாப்பிட்டு, அப்புறம் பாடம். பிள்ளைகளும் தூங்கி விழுவார்கள், வாத்தியார்களும் தூங்கி விழுவார்கள், கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள் என்று காந்தியே எழுதுகிறார். தமிழையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஜி.யு. போப்பின் கையேட்டை வைத்துக் கப்பல் பயணத்தில் படித்துக்கொண்ட தமிழ். தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. வாத்தியாருக்கு எழுத்து தெரியும், பேச்சு தடுமாறும். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் மாணவர்கள்தான் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். லெனேஷியாவில் என் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். வாத்தியாரைத் தோற்கடிக்கலாம் என்பது எந்தக் காலத்துப் பிள்ளைக்கும் இனிக்கிற செய்திதானே.

அடுத்து நான் சொன்ன கதைக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

பையன்களும் பெண்களும் ஒரே நேரத்தில் ஊற்றுக்குக் குளிக்கப் போவார்கள். ராத்திரி திறந்த தாழ்வாரத்தில் காந்தியைச் சுற்றிப் படுப்பார்கள். படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்றடி இருந்தால் அதிகம். ஒருநாள் இளைஞர் ஒருவர் இரண்டு பெண்களைக் கேலி செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. காந்தி விசாரித்தார், உண்மை. பையன்களைக் கண்டித்தார். அது போதவில்லை. இனி எந்தக் கண்ணும் தவறாகப் பார்க்காதபடி அந்தப் பெண்களிடம் ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்தார். காலையில் அந்தப் பெண்களிடம் கூந்தலை வெட்டிவிடலாமா என்று கேட்டார். அவர்கள் மாட்டேன் என்றார்கள். மூத்த பெண்களிடம் பேசினார், அவர்களுக்கும் முதலில் மனம் வரவில்லை, பிறகு இறங்கி வந்தார்கள். கடைசியில் பெண்களும் சரி என்றார்கள். காந்தியே தன் கையால் வெட்டினார்.

வகுப்பில் இருந்த பதினாலு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், கிண்டல் பண்ணினது பையன். அவன் முடியை ஏன் வெட்டல?"

பக்கத்தில் இருந்த பையன், "அவனுக்கு முடியே கம்மியா இருந்திருக்கும்" என்றான். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நானும் ஏதோ அந்தக் காலத்து வழக்கம், பெண்ணைக் காப்பதாக நினைத்தார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது ஏறவில்லை, எனக்கும்தான். காந்தி இதை மறைக்காமல் எழுதினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று அவர்கள் சொன்னதைக்கூட எழுதியிருக்கிறார். ஆனால் வெட்டிய பிறகு அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

இந்த மாதிரி இடத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: கூட்டு வாழ்க்கையில் பிள்ளைக்குச் சின்னத் தப்பு என்று ஒன்று கிடையாது. வீட்டில் ஒரு பையன் தங்கச்சியின் தோழியைக் கேலி செய்தால் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள், அரைமணி நேரத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அது லட்சியத்துக்கு விழுந்த கீறல். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியாட்களும் பார்க்கிறார்கள், இந்த ஏற்பாடே நடக்குமா நடக்காதா என்பது அந்த ஒரு கேலியில் தொங்குகிறது. அதனால் ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது, கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் இல்லத்துக்குப் பின்னால் ஒருவருடைய கொய்யாத் தோப்பு. எங்களில் ஒருவன் வேலி தாண்டிப் போய்ப் பறித்துவிட்டான். தோப்புக்காரர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். ஐயா அவனை அடிக்கவில்லை. யாரையுமே அடித்ததில்லை. ராத்திரி சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வரிசையில் உட்கார்ந்தபோது, அவர் தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அத்தனை பேரும் சாம்பாரைப் பிசைந்துகொண்டே அந்தப் பையனைப் பார்த்தோம். அவன் வாயில் வைத்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தான். அவன் இப்போது கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். கொய்யா சாப்பிட மாட்டான்.

பண்ணையில் காந்தி ஒருமுறை ரூலரால் ஒரு பையனை அடித்துவிட்டார். பதினேழு வயசுப் பையன், திமிர் பிடித்தவன், சண்டைக்காரன். அடிக்கும்போது தனக்கே கை நடுங்கியது என்றும், பையன் அழுது மன்னிப்புக் கேட்டது வலியால் அல்ல, தன் நடுக்கத்தைப் பார்த்துத்தான் என்றும் எழுதுகிறார். அதற்குப் பிறகு யாரையும் அடித்ததில்லையாம். 1913-இல், டர்பன் பக்கம் அவர் முன்பே தொடங்கியிருந்த ஃபீனிக்ஸ் குடியிருப்பில் இரண்டு பேர் ஒழுக்கம் தவறியது தெரியவந்தபோது ஏழு நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதைத் தொடர்ந்து நாலரை மாதம் ஒருவேளைச் சாப்பாடு. ரூலர் அடி மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. காந்தியர்கள் சண்டைக்கு வரலாம்.

டால்ஸ்டாய் பண்ணை ஒரு குடும்பம், அதில் எனக்குத் தகப்பன் ஸ்தானம் என்று அவரே எழுதியிருக்கிறார். கிப்புட்ஸ்காரர்கள் தகப்பன் நாற்காலியைத் தூக்கி வெளியே போடப் பார்த்தார்கள். பண்ணையில் அது அங்கேயே இருந்தது, ஒருவரே எல்லோருக்கும் அதில் உட்கார்ந்தார். சொந்தப் பிள்ளைகளை முரட்டுப் பையன்களோடு கலந்து விடுகிறீர்களே, கெட்டுப்போய்விடுவார்களே என்று காலன்பாக் ஒருநாள் கேட்டார். என் பிள்ளை, ஊரார் பிள்ளை என்று என்னால் வேறுபாடு பார்க்க முடியாது என்பதுதான் காந்தியின் பதில்.

எங்கள் ஐயாவுக்கும் ஒரு பையன் இருந்தான், எங்கள் வயசு. எங்களோடு வரிசையில் சாப்பிட்டான், கூடத்தில் படுத்தான், எங்கள் சட்டையைப் போட்டான். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து மெய்சிலிர்ப்பார்கள். எங்களுக்காவது மாதத்தில் இரண்டாவது ஞாயிறு என்று ஒன்று உண்டு; அம்மாவோ மாமாவோ யாரோ வருவார்கள், அந்தச் சாயங்காலம் நாம் யாருக்கோ தனியாகச் சொந்தம். அவனுக்கு அந்த ஞாயிறும் கிடையாது. அவனுடைய அப்பாதான் எந்நேரமும் அங்கேயே இருந்தாரே! காலேஜுக்குப் போனவன் திரும்பி வரவில்லை, ஐயாவின் சாவுக்குத்தான் வந்தான். பண்ணை நடந்துகொண்டிருந்த 1911-இல் காந்தியின் மூத்த மகன் ஹரிலால் அப்பாவை விட்டுப் பிரிந்து இந்தியாவுக்குப் போனார் என்று படித்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. ஹரிலால் அப்பாவின் போராட்டத்துக்காகவே பலமுறை சிறைக்குப் போனவர். அவர் கேட்டது படிப்பு.

இரண்டாவது ஞாயிறு என்றதும் அதிரசம் ஞாபகம் வருகிறது. அம்மா எவர்சில்வர் தூக்கில் அதிரசம் கொண்டுவருவாள். வெளியிலிருந்து வரும் தின்பண்டம் எதுவானாலும் சமையலறையில் ஒப்படைத்துவிட வேண்டும், அது விதி. சமையல் அக்கா அதை வாங்கி, ஒவ்வொன்றையும் பிய்த்து, சாயங்காலம் டீயோடு எல்லோர் தட்டிலும் ஒரு துண்டு வைப்பார். முதல் தடவை எனக்கு வந்தது ஓரத்துத் துண்டு, விரல்நகம் அளவு. இரண்டு தட்டு தள்ளி இருந்தவனுக்கு நடுத்துண்டு. "உங்கம்மா செஞ்சதாடா? நல்லாருக்கு" என்றான். அவனுக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை. நியாயமான ஏற்பாடு என்று அப்போதும் தெரிந்தது, இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். அம்மா கேட்டாள், என்ன ஆச்சு, சாப்பிட்டியா என்று. சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இல்லத்தில் எத்தனை பேரோ அத்தனை அதிரசம் வந்தது. பஞ்சாலைக் கூலியில் வெல்லமும் அரிசியும் எண்ணெயும் வாங்கி, ராத்திரி முழுக்கச் சுட்டிருக்கிறாள். எனக்கு ஒரு முழு அதிரசம் கிடைக்க வேண்டும் என்றால் அதற்கு அது ஒன்றுதான் வழி.

கிப்புட்ஸ்களிலும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ஆளாளுக்கு அறையில் தனித் தேநீர்க் கெண்டி வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பெரிய கொள்கைப் பிரச்சினையாகப் பேசியிருக்கிறார்கள். கெண்டி வந்தால் பொது உணவுக் கூடத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம். எனக்கு அது கொஞ்சமும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

கிடைத்ததும் உண்டு. இல்லத்தில் எனக்குக் கிடைத்த அண்ணன்களைப் போல ரத்த உறவில் யாரும் எனக்கு வாய்க்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஐயாவுக்குச் சொல்வதற்கு முன்னால் பக்கத்துப் பாய்க்காரன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஜோகன்னஸ்பர்க்குக்கு நான் விமானம் ஏறிய அன்று டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் போட்டவர்கள் அவர்கள்தான். பக்கத்து விடுதியில் வளர்ந்து எங்களோடு பள்ளிக்கு வந்த பெண்கள் எங்களுக்குத் தங்கச்சிகள், அக்காக்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல, அப்படித்தான் ஆகிவிட்டது. எங்களுக்குள் ஒரு கல்யாணம்கூட நடக்கவில்லை. கிப்புட்ஸ் பிள்ளைகளின் 2,769 திருமணங்களை எடுத்து ஆராய்ந்த ஜோசப் ஷெஃபர் என்ற ஆய்வாளர், ஒரே குழுவில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் மணந்துகொண்டது 14 தான் என்று கண்டார். கட்டிக்கொள்ளக் கூடாது என்று அங்கே எந்த விதியும் கிடையாது. பெற்றவர்களைப் பிரித்து வைக்கலாம், கூடப் படுத்து வளர்ந்தவர்களை உடன்பிறப்பாக நினைப்பதை மட்டும் எந்த லட்சியத்தாலும் தடுக்க முடியாது போலிருக்கிறது.

என் வகுப்புக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு பாட்டி இருக்கிறார். எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். இந்தியர்கள் எல்லோரும் லெனேஷியாவுக்குப் போ என்று நிறவெறிச் சட்டம் துரத்துவதற்கு முன்னால் அவர் குடும்பம் நகரத்துக்குள் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் ஒரு யார்டில் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றி அறைகள், ஒரு குழாய், ஒரு கக்கூஸ். தமிழ், குஜராத்தி, மலாய் எல்லோரும். யார் வீட்டில் சட்டி ஏறினாலும் பிள்ளைகளுக்கு அங்கே சோறு, யார் பிள்ளையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். "அடிச்சவங்க வீட்லயே தூங்கிருவோம் தம்பி" என்பார். அங்கே விதிகள் எழுதி ஒட்டியிருக்கவில்லை, யாரும் யாருக்காகவும் பட்டினி கிடக்கவில்லை. லெனேஷியாவில் ஆளுக்கொரு வீடு, சுற்றுச்சுவர், கேட். கேட்டுக்கு ரிமோட்.

ஆயாவிடம் பண்ணைக் கதை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். 1913-இல் பண்ணைப் பெண்கள் பதினோரு பேர் கைதாவதற்கென்றே கிளம்பிய கதை அவருக்கு மிகவும் பிடிக்கும். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள், ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டியும் அவர்களைப் பிடிக்கவில்லை என்பதால், பக்கத்து மாகாணமான நேட்டாலில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தைக் கிளப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கடுங்காவல். பிள்ளைகளோடுதான் உள்ளே போனார்கள். "தூக்கிட்டுப் போனாங்க பார்த்தியா, விட்டுட்டுப் போகல" என்றார் ஆயா.

தம்பி நாயுடு கதைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க் வந்தவர், டிரான்ஸ்வால் தமிழர்களில் அவரைப் போல் சிறைக்குப் போனவர் குறைவு. 1914 ஜூலையில் காந்திக்கு இங்கே நடந்த வழியனுப்பு விருந்தில், தன் மகன்கள் நான்கு பேரைக் காந்தியிடம் ஒப்படைத்தார், இந்தியாவுக்குத் தொண்டு செய்ய. நான் இதைக் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"நாயுடு குடுத்தாரு. சரி. வீரம்மா குடுத்தாளா?"

வீரம்மாள், தம்பி நாயுடுவின் மனைவி. அந்தப் பதினோரு பெண்களில் ஒருவர். அதே ஆண்டுதான் சிறையிலிருந்து வந்திருந்தார்.

அந்த நால்வரில் நாரணன் என்ற பையன், பின்னாளில் ராய் நாயுடு என்று எல்லோருக்கும் தெரிந்தவர், சாந்திநிகேதனிலும் காந்தியின் ஆசிரமத்திலும் வளர்ந்து, பல ஆண்டு கழித்து ஜோகன்னஸ்பர்க்குக்கே திரும்பினார். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் ஆனார். ஆசிரமத்தில் வளர்ந்த பிள்ளை ஆசிரமம் கட்டவில்லை. கல்யாணம் செய்துகொண்டு டோர்ன்ஃபான்டீனில் ராக்கி தெருவில் வீடு வைத்தார். அவர் 1953-இல் இறந்தபிறகும் மனைவி அம்மா நாயுடு அந்த வீட்டுக் கதவைச் சாத்தவில்லை. நிறவெறியை எதிர்த்த போராட்டக்காரர்கள் யார் எந்நேரம் வந்தாலும் அங்கே சாப்பாடு உண்டு. மகன் இந்திரேஸ் 1963-இல் நாசவேலை வழக்கில் கைதாகி ராபன் தீவுச் சிறையில் பத்து ஆண்டு இருந்தார். மகள் சாந்தி 1969-இல் பிடிபட்டு, தனிமைச் சிறையில் வதைக்கப்பட்டு, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, சொல்ல மாட்டேன் என்று அதற்கும் சேர்த்துச் சிறைக்குப் போனார்.

இதையும் ஆயாவிடம் சொன்னேன். ராக்கி தெரு வீடு அவருக்கு ஏற்கெனவே தெரியும், சின்ன வயதில் அவரை அங்கே கூட்டிப்போயிருக்கிறார்கள். "அந்த வீட்ல யாரு வீட்டாளு, யாரு விருந்தாளின்னே தெரியாது" என்றார். அப்புறம், "ஆனா அவங்கம்மா வீட்லயே இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, பேத்தியின் எழுத்து நோட்டை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். ழகரம் எல்லாம் தலைகீழாக இருந்தது.